டேனிஷ் கவிதையின் ஒலியைப் பிரித்துப் பார்க்க ‘பிராட்’ மென்பொருள்: ஒரு மதிப்பீடு

சென்னையில் டேனிஷ் கவிதை படிப்பவருக்கு, பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக்காட்ட ஆள் கிடைப்பது அரிது. ஒலிப்பதிவுதான் வாத்தியார். அதை அசை அசையாகப் பிரித்துப் பார்க்க, ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் பூர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் உருவாக்கிய பிராட் மிக நல்ல கருவி. இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

தமிழ் யாப்பில் குறில், நெடில், ஒற்று பார்த்தே நேர், நிரை பிரித்துவிடலாம். டேனிஷில் எழுத்து ஒன்று, வாய் சொல்வது வேறு. ‘அவள்’, ‘நாய்’ இரண்டுக்கும் அங்கே ‘ஹுன்’தான், நாயில் மட்டும் தொண்டை ஒரு கணம் இறுகும். அந்த இறுக்கத்தின் பெயர் ஸ்டோட். பிராடில் ‘பல்ஸஸ்’ (குரல்நாணின் துடிப்புகள்) காட்டச் சொன்னால் சீராக வரும் நீலக் கோடுகள் ஸ்டோட் வரும் இடத்தில் தாறுமாறாகும், சுருதிக் கோடு அறுந்தும் போகலாம். பதிவுக் கோளாறு என்று ஒதுக்கிவிடாதீர்கள். தேட வேண்டியதே அதைத்தான்.

பழக நல்ல பாட்டு, டேனிஷ் கவிஞர் ஊலன்ஷ்லேகர் 1819இல் எழுதிய டென்மார்க் தேசியப் பாடல். இசை சுருதியை மாற்றிவிடும் என்பதால் பாடிய பதிவு வேண்டாம், வாசித்த பதிவே வேண்டும். முதலடி ‘நாடு’ என்ற சொல்லில் முடிகிறது, மூன்றாமடி ‘கடற்கரை’ என்பதில்: லான், ஸ்ட்ரான். ஏட்டில் சுத்தமான இயைபு. இன்றைய உச்சரிப்பில் முதல் சொல்லின் உயிர் நாக்கின் முன்பக்கம் பிறக்கிறது. இரண்டாவதை முன்னே நிற்கும் தொண்டை ‘ர’ பின்னுக்கு இழுக்கிறது. வாயின் வடிவத்துக்கேற்ப வலுப்பெறும் அதிர்வெண்களை ஃபார்மன்ட் என்பார்கள். கீழிருந்து இரண்டாவது ஃபார்மன்ட் முதல் சொல்லில் உயர்ந்தும் இரண்டாவதில் தாழ்ந்தும் நிற்பதை இங்கே கண்ணாலேயே பார்க்கலாம். ஃபார்மன்ட் உச்சவரம்பைப் பெண் குரலுக்கு 5500, ஆண் குரலுக்கு 5000 ஹெர்ட்ஸ் என்று முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் புள்ளிகள் இடம் மாறி விழும்.

சந்தம் பிரிப்பதில்தான் பலர் சறுக்குவார்கள். சுருதி ஏறும் இடமே அழுத்தம் என்று குறித்தால் தவறு. கோபன்ஹேகன் பேச்சில் அழுத்தம் பெறும் அசை தாழ்ந்து நிற்கும், அடுத்த அழுத்தமில்லாத அசையே மேலே ஏறும். அசை எண்ணுவதிலும் கவனம் தேவை. சொல் கடைசியில் வரும் மெல்லிய உயிரை டேனிஷ்காரர்கள் முந்தைய ஒலிக்குள் கரைத்துவிடுவதால், இரண்டு அசை அலைவடிவில் ஒன்றாகத் தெரியும். முதலில் காதால் கேட்டு, தாளில் அழுத்தங்களைக் குறித்துவிட்டுப் பிறகு மென்பொருளைத் திறப்பதே சரியான வரிசை. யாப்பை அது கண்டுபிடித்துத் தராது.

சொந்த வாசிப்பைப் பதிந்து ஒப்பிடுவோர் அந்த நேரத்துக்கு ஃபேனை நிறுத்திவிடுங்கள், மே மாதமானாலும் சரி. மின் இரைச்சல் 50, 100 ஹெர்ட்ஸில் பதிந்தால், அடி முடியும் மௌனத்தில்கூடச் சுருதிக் கோடு முளைக்கும்.

முகப்பு பழைய பாணி, பழக நாளாகும். 10 விநாடிக்கு மேல் விரித்தால் ஆய்வுக் கோடுகள் மறைந்துவிடும். ஓரடி அளவுக்குச் சுருக்கினால் திரும்ப வரும். அசை பிரித்துக் குறித்த ‘டெக்ஸ்ட்கிரிட்’ என்ற குறிப்பு அடுக்கை ஒலிக்கோப்போடு சேர்க்காமல் தனிக் கோப்பாக நீங்களே சேமிக்க வேண்டும்.