அக்காவின் பில்லில் விழுந்த கழிவு

மூன்று வார விடுமுறையில் இந்த முறை ஊருக்குப் போனது அக்காவுக்காக. மார்பகப் புற்றுநோய்க்கு நான்காவது கீமோ. மருத்துவர்களைப் பற்றி நல்லதைத் தவிர எதுவும் சொல்ல மாட்டேன். ஊசி ஏற நரம்பு கிடைக்காதபோது அந்தச் செவிலியர் அக்காவின் கையை வெந்நீர்த் துணியால் ஒற்றி ஒற்றிப் பொறுமையாகத் தேடினார். என் கோபமெல்லாம் தரைத்தளத்து இன்சூரன்ஸ் கவுண்டர் மேல்தான்.

கீமோ முடிந்த பத்தாம் நாள் காய்ச்சல். வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. தொற்று வரக்கூடாதென்று தனி அறையில் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் காலை டிஸ்சார்ஜ் என்றார் மருத்துவர். மாலையாகியும் கிளம்ப முடியவில்லை. மருத்துவமனையிலிருந்து கோரிக்கை வந்த மூன்று மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் இறுதி அனுமதி தர வேண்டும் என்று இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024இல் விதித்திருக்கிறது. அதைச் சொல்லிக் கேட்டேன். பிறகுதான் தெரிந்தது, இறுதி பில்லையே மருத்துவமனையில் பிற்பகலில்தான் அனுப்பியிருக்கிறார்கள். எப்போது அனுப்பினீர்கள் என்று காலையிலேயே கேட்டிருக்க வேண்டும்.

அனுமதி வந்தது, பெரிய கழிவோடு. காப்பீட்டு நிறுவனம் கழித்ததை நாங்கள்தான் கட்ட வேண்டும். அறை வாடகை பாலிசியின் வரம்பைத் தாண்டிவிட்டதாம். அதே விகிதத்தில் மொத்த பில்லையும் வெட்டியிருந்தார்கள். ஆன்டிபயாட்டிக், வெள்ளணுவைக் கூட்டும் ஊசி, ரத்தப் பரிசோதனை எதுவும் தப்பவில்லை.

"கட்டிவிடலாம் தம்பி, எனக்குப் படுக்க வேண்டும்" என்றாள் அக்கா. தலையில் கட்டிய துணி நழுவியதைக்கூடச் சரிசெய்யத் தெம்பில்லாமல் சக்கர நாற்காலியில் சாய்ந்திருந்தாள். கட்டினேன். ஆனால் விவரப் பட்டியலை வாங்காமல் நகரவில்லை.

இரவு உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன். வாடகை வரம்பைத் தாண்டினால் மருத்துவர் கட்டணம் போன்றவற்றில் விகிதாசாரமாகக் கழிக்க இடமுண்டு. மருந்துகள், பரிசோதனைகள், உடலில் பொருத்தும் கருவிகள் ஆகியவற்றில் அப்படிக் கழிக்கக் கூடாது, 2020இலேயே ஐ.ஆர்.டி.ஏ.ஐ. தெளிவாக்கிய விஷயம் இது. புற்றுநோய் பில்லில் பெரும்பங்கு மருந்துதான். தெரியாதவர்கள் எத்தனை பேர் நகையை அடகு வைத்துக் கட்டியிருப்பார்களோ என்று நினைத்தபோது தூக்கமே போய்விட்டது.

கவுண்டரில் வாதாடிப் பயனில்லை. அங்கிருப்பவர் மருத்துவமனை ஊழியர், முடிவெடுப்பவர் அல்ல. காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு, தவறாகக் கழித்த ஒவ்வொரு வரியையும் குறித்து மின்னஞ்சல் அனுப்பினேன். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் புகார் தளமான 'பீமா பரோசா' இணையதளத்திலும் புகாரைப் பதிந்தேன். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லாவிட்டால், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மன்) போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

நான் திரும்பி வந்த பிறகு, மருந்துக்கும் பரிசோதனைக்கும் கழித்த தொகை அக்காவின் கணக்கில் சேர்ந்தது. மருத்துவர் கட்டணத்தில் கழித்தது கழித்ததுதான். ஐந்தாவது கீமோவன்று அத்தான் தொலைபேசியில் அழைத்தார். அக்காவை மேலே அனுப்பிவிட்டு, பாலிசி நகலோடு கவுண்டர் முன்னால் நிற்பதாகச் சொன்னார்.