வாசலுக்கு வரும் சுகர் மாத்திரை: பாம்பனிலிருந்து ஓர் அனுபவம்

என் அம்மாவுக்கு சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் எங்கள் தெருவுக்கு வந்த நாளிலிருந்து மாத்திரை அதில்தான். பல வருடம் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் நல்லது. அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். தண்ணீர் வற்றும் நேரத்தை விட்டால் அன்றைய கூலி போச்சு. மாத்திரை வாங்கும் நாளும் அதுவும் மோதினால் ஆஸ்பத்திரிதான் தோற்கும், மாத்திரையும் நின்றுவிடும். இப்போது தன்னார்வலர் அக்கா வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து, விரலில் குத்தி சுகர் பார்த்து, மாத்திரையும் தருகிறார். இதே ஊர்க்காரர் என்பதால் யார் வீட்டில் கருவாடு காய்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். "பெரியம்மா, உப்பைக் குறைங்க" என்று சொல்ல அவருக்குத்தான் துணிச்சல் உண்டு, எங்களுக்கு இல்லை.

ஆனால் விரல் குத்துவதை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது. அது அந்த நேரத்துச் சர்க்கரையைத்தான் காட்டும். அக்கா வருவார் என்று தெரிந்தால் அம்மா முதல் நாள் ராத்திரியே சோற்றைக் குறைத்துவிடுவார், எண்ணும் அழகாக வரும். மூன்று மாத சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனையிடம் இந்தத் தந்திரம் பலிக்காது. அதையும், சிறுநீரில் புரதம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தத்தின் கிரியேட்டினின் அளவு, கண்ணின் விழித்திரை ஆகியவற்றையும் வருடம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். விழித்திரைக்கு நாங்கள் போவது ராமநாதபுரம், பாம்பனிலிருந்து கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். அங்கே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் "மதுரைக்குக் கொண்டுபோங்க" என்பார்கள். அந்தப் பேச்சு இப்போது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

எங்கள் பக்கத்தில் பெரிய கவலை கால்தான். பாசி எடுப்பவர்கள் விரலில் துணியைச் சுற்றி, காலில் ரப்பரைக் கட்டிக்கொண்டுதான் பாறைப் பக்கம் இறங்குவார்கள். அப்படியும் கீறும். வருடக்கணக்கில் சுகர் இருந்தால் நரம்பு மரத்துப்போய், கீறியதே தெரியாது. அம்மா கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் காலைக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, உள்ளங்காலை என் மகளிடம் காட்டுவார். சின்னப்பிள்ளைக் கண்ணுக்குத்தான் முள் தெரிகிறது.

அப்புறம், மாத்திரை அட்டை. அரசு மாத்திரைகளைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் டெண்டர் விட்டு வாங்குகிறது. கம்பெனி மாறினால் அட்டையின் நிறமும் மாறும், மருந்து அதேதான். படிக்கத் தெரியாதவர்களுக்கு நிறம்தான் அடையாளம். அம்மா ஒரு தடவை பழைய அட்டையில் ஒன்று, புது அட்டையில் ஒன்று என்று ஒரே பிரஷர் மாத்திரையை இரண்டாகப் போட்டுவிட்டுத் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். இப்போது புது அட்டை வந்தவுடன் பழையதைத் தனியே எடுத்து வைத்து, அட்டையின் பின்பக்கம் மார்க்கரால் சூரியனோ நிலாவோ வரைந்துவிடுகிறோம்.

எண்களை எழுத ஒரு நோட்டு போட்டு வையுங்கள். ராமநாதபுரத்து டாக்டர் முதலில் கேட்பது பழைய அளவுகளைத்தான். ராத்திரியில் மாத்திரை பற்றிச் சந்தேகம் வந்தால் 104-ஐக் கூப்பிட்டு ஆலோசனை கேட்கலாம். வியர்த்துக் கொட்டி, கை நடுங்கினால் சுகர் இறங்கியிருக்கலாம். விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.