லேப்ரடாரா, தெருக்குட்டியா?

அக்கா வீட்டில் லேப்ரடார் இன நாய், பெயர் ப்ரூனோ. எங்கள் வீட்டில் 4 வருடத்துக்கு முன் டீக்கடைக்குப் பின்னாலிருந்து தூக்கி வந்த தெருநாய்க்குட்டி மணி. இரண்டு வீடும் சென்னையில்தான். என் மனசு மணி பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாசத்தில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. ப்ரூனோ யார் வந்தாலும் போய் ஒட்டிக்கொள்வான். மணி குரைத்து, மோப்பம் பிடித்து, பிறகுதான் வாலாட்டுவாள். தடுப்பூசிகளும் ஒன்றுதான்: பிறந்த 6-8 வாரத்தில் பார்வோ (குட்டிகளுக்கு வாந்தியும் ரத்தக்கழிச்சலும் தரும் வைரஸ் நோய்) ஊசி ஆரம்பம், 3 மாதத்தில் வெறிநோய் ஊசி.

முடிவு செய்ய வேண்டியது வெயிலை வைத்து. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கும்போது ஈரம் ஆவியாகித்தான் சூடு தணியும். மே மாதப் புழுக்கத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் அதுவும் சரியாக நடக்காது. லேப்ரடாரின் முன்னோர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் மீனவர்களோடு குளிர்ந்த கடலில் நீந்தியவை. அந்தக் குளிருக்கான இரட்டை அடுக்கு ரோமத்தைத்தான் ப்ரூனோ இன்றும் சுமக்கிறான். பகலெல்லாம் அவனுக்கு ஏசி ஓட வேண்டும். வெளியே நடக்க விடிகாலை 5 மணி, விட்டால் இரவு 9. வேலை அலுப்பில் அக்கா நடையைக் குறைக்க, அவனுக்கு எடை கூடியது. ஏற்கெனவே இடுப்பு மூட்டுக் கோளாறு அதிகம் வரும் இனம். இப்போது மாடிப்படி ஏற யோசிக்கிறான். போன சித்திரையில் ஒரு மதியம் கரண்ட் போனபோது ஈரத்துண்டும் விசிறியுமாக அக்கா அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு மணி குழாயடி ஈர மண்ணைப் பறித்து, அதில் வயிற்றைப் பதித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

தெருக்குட்டி செலவில்லாதது என்று நினைத்துவிடாதீர்கள். மணி வரும்போது வயிறு நிறையப் பூச்சி, காது நிறைய உண்ணி. முதல் 2 மாதம் மருத்துவரிடம் அலைந்தோம். வயதான காலத்தில் இவள் எப்படி இருப்பாள் என்பதை நான் இன்னும் பார்க்கவில்லை.

பகலில் ஆள் இருக்கும் வீடு, ஏசி, தினமும் விடிகாலை நடை, இந்த மூன்றும் உறுதியென்றால் லேப்ரடார் வாங்குங்கள். இல்லையென்றால் தெருக்குட்டிதான். 8 வாரம் முடியும்வரை தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். பெட்டைக்குட்டி என்று தயங்கவும் வேண்டாம். மணிக்குக் கருத்தடை செய்தோம், 10 நாளில் தையல் ஆறி ஓட ஆரம்பித்துவிட்டாள்.