புதுக் காய்கனிக்குப் பெயர்: கடன் வாங்குவதா, ஆக்கிக்கொள்வதா?

சந்தைக்குப் புதிதாக வரும் பழத்துக்கு வந்த பெயரையே வைப்பதா, சொந்தப் பெயர் ஆக்குவதா என்று தயங்குவோருக்காக இந்த ஒப்பீடு.

அடையாளம்: தென்னமெரிக்கத் துப்பி மொழிச் சொல் போர்த்துக்கீசியர் வழியே பரவி, தமிழில் அன்னாசி, பிரெஞ்சில் அனனாஸ் என ஏறத்தாழ ஒன்றுபோலவே ஒலிப்பதால், கடன்பெயருக்கு ஊர்தோறும் விளக்கம் தேவைப்படுவதில்லை.

பொருள் விளக்கம்: இதில் ஆக்கப்பெயரே மேல். உருளைக்கிழங்கு என்றதுமே வடிவம் விளங்கிவிடுகிறது. ஆனால் எல்லா ஆக்கப்பெயரும் அப்படியல்ல: பிரெஞ்சும் பாரசீகமும் அதனை ‘நில ஆப்பிள்’ என்கின்றன, ஆப்பிளோடு அதற்கு என்ன உறவோ!

ஏற்பு: குஜராத் அரசு 2021இல் டிராகன் பழத்துக்குக் ‘கமலம்’ என்று பெயர் சூட்டியது, ஆனால் தமிழ்நாட்டுக் கடைகளில் அது டிராகன் பழம் என்ற பெயரிலேயே விற்கிறது.

விலைப்பலகைக்குக் கடன்பெயரும், பாடநூலுக்கு ஆக்கப்பெயரும் பொருந்தும்.