ஆளில்லாப் பந்து: எக்செல்லோடு மூன்று ஆண்டு

விசுவமடுப் பக்கம் ஒரு கிராமக் கழகத்தின் பெண்கள் கரப்பந்தாட்ட அணிக்கு நான்தான் கணக்குப்பிள்ளை. எதிரணியின் சேர்விஸை எங்கள் பிள்ளைகள் எப்படி வாங்குகிறார்கள் என்பதை மூன்று ஆண்டுகளாக எக்செல்லில் எழுதி வருகிறேன்.

பெரிய அணிகள் ஒவ்வொரு பந்தும் எவ்வளவு நன்றாக எடுக்கப்பட்டது என்பதற்கு #, +, !, -, /, = என்ற ஆறு குறிகளில் ஒன்றைப் போடுவதைப் பார்த்து நானும் அப்படித்தான் தொடங்கினேன். எக்செல்லுக்கு அது ஒத்துவரவில்லை. = தட்டினால் சூத்திரம் எழுதப் போகிறேன் என்று காத்திருக்கும், / தட்டினால் மெனுவுக்குத் தாவிவிடும். ஆட்டக்களத்தின் ஒவ்வொரு பாதியிலும் ஒன்று முதல் ஆறு வரை எண்ணிட்ட இடங்கள் உண்டு. சேர்விஸ் முதலாம் இடத்திலிருந்து ஐந்தாம் இடத்துக்கு வந்தது என்று 1-5 எழுதினேன்; அதைத் திகதியாக்கி வைத்தது. இரண்டையும் தனித்தனி நிரலாகப் பிரித்த பிறகே அந்தத் தொல்லை விட்டது.

இப்போது 3, 2, 1, 0 மட்டுமே. செற்றர், அதாவது அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர், நின்ற இடத்திலேயே எந்தப் பக்கமும் கொடுக்கலாம் என்றால் 3. நகர வேண்டியிருந்து நடுவிலிருந்து அடிக்கும் வாய்ப்புக் கைவிட்டுப் போனால் 2. ஓரத்துக்கு உயரத் தூக்க மட்டுமே முடிந்தால் 1. புள்ளி போனால் 0. கிராம அணிக்கு இது தாராளம்.

முதல் ஆண்டில் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். நேராக விழுந்த சேர்விஸ்களுக்கு 0 போட மனமில்லாமல் கட்டத்தை வெறுமையாக விட்டேன். சராசரி எடுக்கும்போது எக்செல் வெற்றுக் கட்டங்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பத்துப் பந்தில் நான்கு 3, மூன்று 2, ஒரு 1, இரண்டு 0 என்றால் சராசரி 1.9. அந்த இரண்டையும் வெறுமையாக விட்டால் 2.38! என் இரக்கத்தால் மோசமான நாள்களெல்லாம் நல்ல நாள்களாகத் தெரிந்தன.

மைதானத்தில் நின்றபடி கைபேசியில் பதியவும் முயன்றேன். விசில் ஊதிய எட்டு விநாடிக்குள் சேர்விஸ் வந்துவிடும், வெயிலில் திரையும் தெரியாது. கொப்பியில் கோடு போட்டு, இரவில் கணினியில் ஏற்றுவதே இன்றுவரை நடைமுறை.

ஐந்தாம் இடத்தில், அதாவது பின்வரிசையின் இடது மூலையில், நிற்கும் பிள்ளைதான் அணியின் ஓட்டை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். பதிவுகளைத் தொகுத்துக் காட்டும் எக்செல்லின் பிவட் டேபிளும் ஒரு பருவம் முழுக்க அதையே காட்டியது. தாளைப் பார்த்த எங்கள் பயிற்சியாளர் மாஸ்டர் கேட்டது ஒன்றுதான்: “காற்றை எழுதினாயா?”

எழுதவில்லை. கரப்பந்தாட்டம் 1991இலேயே இலங்கையின் தேசிய விளையாட்டாகிவிட்டது. எங்கள் மைதானத்துக்கு மட்டும் இன்னும் கூரை இல்லை. சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ஒரு பக்கத்தில் நிற்பவர்களுக்கு மிதந்து வரும் சேர்விஸ் கடைசி நொடியில் திசை மாறும். பக்கத்துக்கு ஒரு நிரல் சேர்த்து, வீடியோ இருந்த ஆட்டங்களை மீண்டும் ஏற்றினேன். காற்றுக் குறைந்த பக்கத்தில் அந்தப் பிள்ளை, பந்தை எடுப்பதற்கென்றே பின்வரிசையில் நிற்கும் லிபரோவுக்குச் சளைத்தவளே அல்ல. அவளிடம் பந்தும் மற்றவர்களை விட அதிகமாக வந்திருந்தது. நாங்கள் அவளைக் குறைசொன்னது வேலிக்கு அப்பாலும் கேட்டிருக்க வேண்டும். எதிரணிகள் அவளையே குறிவைத்தன. அன்றிலிருந்து எண்ணிக்கையைப் பக்கத்தில் வைக்காமல் எந்தச் சராசரியையும் நான் வாசிப்பதில்லை.

இன்னும் தீராத தகராறு ஒன்று உண்டு. இருவருக்கு நடுவே பந்து விழும், இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். அந்த 0 யாருக்கு? கிட்ட நின்றவளுக்குப் போட்டேன், அழுகை வந்தது. இருவருக்கும் போட்டேன், மொத்தக் கணக்கு பிழைத்தது. கடைசியில் பெயர்ப் பட்டியலில் ‘ஆளில்லை’ என்று ஒரு வரி சேர்த்தேன். போன பருவத்தில் அதிக 0 வாங்கியது அந்த வரிதான். இப்போது பயிற்சியில் முதல் அரை மணிநேரமும் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே மட்டுமே சேர்விஸ் போடச் சொல்கிறார் மாஸ்டர். வாய் திறந்து ‘எனக்கு’ என்று கத்தாமல் எடுத்த பந்துக்கு, அது 3 ஆனாலும், நான் 0 எழுத வேண்டுமாம்.