வடிவத்தின் மேல் பொருளா, பொருளிலேயே வடிவமா?

கண்டெடுத்த பொருட்களையும் மரபு வடிவங்களையும் சேர்த்து மிக்சட் மீடியா, அதாவது பல வகைப் பொருட்களைக் கலந்து செய்யும் கலைவேலை, செய்யும்போது இரண்டு வழி இருக்கிறது. வடிவத்தைப் பலகையில் வரைந்து அதன்மேல் பொருட்களை ஒட்டலாம், இல்லையென்றால் பொருட்களை அடுக்கியே வடிவத்தைக் கொண்டுவரலாம்.

முதல் வழி சுலபம். ஸ்டென்சில் (வடிவம் வெட்டிய அச்சுத் தாள்) வைத்து அக்ரிலிக் பெயிண்ட் அடித்தால் பின்புலம் தயார். ஆனால் நுணுக்கமான வடிவத்தின் மேல் துருப்பிடித்த சாவி ஒன்றை ஒட்டிப் பாருங்கள், இரண்டும் ஒன்றோடொன்று இசையாமல் தனித்தனியாகத் தெரியும். மறைந்த அமெரிக்கச் சிற்பி லூயிஸ் நெவல்சன் கழிவு மரத்துண்டுகளை அடுக்கி மொத்தத்துக்கும் ஒரே நிறம், பெரும்பாலும் கறுப்பு, பூசிவிடுவார். நிழலும் விளிம்பும் மட்டும் மிஞ்சி எல்லாம் ஒன்றாகிவிடும். நல்ல உத்திதான், ஆனால் அந்தச் சாவியின் துருவுக்காகத்தானே அதை எடுத்தோம், அதன்மேல் பெயிண்ட் அடிக்க எனக்கு மனசு வராது.

இரண்டாவது வழிக்குச் சிற்பி எல் அனாட்சுயியைப் பார்த்தால் போதும். கானாவில் பிறந்து நைஜீரியாவில் வேலை செய்தவர். மதுபாட்டில் மூடிகளைத் தட்டையாக்கி, மடித்து, செம்புக் கம்பியால் கோத்து, சுவர் அளவுக்குப் பெரிய விரிப்பு செய்வார். தூரத்தில் கானாவின் பலவண்ண நெசவான கென்டே துணி போல் தெரியும், கிட்டப் போனால் மூடிகள். பசையே இல்லாததால் ஒவ்வொரு முறை மாட்டும்போதும் வேறு மாதிரி மடிந்து விழும். என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் ஒரே மாதிரிப் பொருள் ஏராளமாக வேண்டும். பட்டன், மூடி என்றால் கட்டங்கள் அழகாக வரும். கலவையான சாமான் என்றால் வளைந்து நெளியும் கொடி வேலைப்பாடு வேண்டாம், பெரிய ஜிக்ஜாக் போதும். அப்புறம், ஒட்டுவதற்கு முன் சும்மா அடுக்கி போனில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுங்கள். அதில் வடிவம் தெரியவில்லை என்றால் நிறத்தை நம்பி ஏமாந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம், வெளிர், அடர் வித்தியாசத்தைக் கூட்டுங்கள்.

கோக்காமல் ஒட்டுவதென்றால், பசை விஷயம் இரண்டு வழிக்கும் ஒன்றுதான்: காகிதம், துணிக்கு அக்ரிலிக் ஜெல், உலோகம், கண்ணாடி, கல்லுக்கு எபாக்சி (இரண்டு பாகங்களைக் கலந்து பூசும் வலுவான பசை). கேன்வாஸ் கனம் தாங்காமல் தொய்யும், பிளைவுட் எடுங்கள். இரும்புக்கு முதலில் வார்னிஷ் பூசாவிட்டால் நீரில் கலக்கும் பெயிண்டில் துரு கசிந்து கறையாகும்.

கையில் நாலைந்து பொருள்தான் இருக்கிறதா? சரி, முதல் வழிக்கே போங்கள், ஆனால் வடிவத்தைப் பலகை முழுக்க நிரப்பாமல் பொருள் உட்காரும் இடத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிடுங்கள்.