ஆல்னிகோவா, ஃபெரைட்டா: ஒரே குடும்பத்து இரண்டு வூஃபர்கள்

ஸ்பீக்கர் கம்பெனியான ஜேபிஎல்லின் 2231ஏ, 2235எச் என்ற இரண்டு வூஃபர்களையும் (பாஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்கள்) மேசைமேல் கவிழ்த்து வைத்தால் எது மூத்தது என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். 2231ஏ-யின் முதுகில் வழவழப்பான இரும்புக் கிண்ணம் இருக்கிறது. ஆல்னிகோ காந்தம் (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம்) அதற்குள் ஒளிந்திருப்பதால் கண்ணில் படாது. 2235எச்-சில் இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே அகலமான ஃபெரைட் வளையம், அதாவது இரும்பு ஆக்சைடால் செய்த பீங்கான் வகைக் காந்தம். முன்பக்கம் திருப்பினால் இரண்டும் 15 அங்குலம், இரண்டுக்கும் 4 அங்குல வாய்ஸ் காயில் (ஒலியெழுப்பும் கூம்பான கோனை அசைக்கும் கம்பிச்சுருள்). முதலாவது 4343 என்ற ஸ்டுடியோ மானிட்டர் ஸ்பீக்கர் பெட்டியில் இருந்தது, இரண்டாவது 1980களின் 4430-இல். ஆக, ‘புதியது’ என்று நாம் சொல்வதற்கே நாற்பது வயது தாண்டிவிட்டது.

காந்தத்தை மாற்றியது ஒலிக்காக அல்ல. ஆல்னிகோ செய்ய கோபால்ட் வேண்டும். அன்று உலகின் கோபால்ட்டில் பெரும்பங்கு ஜயர் நாட்டின் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) ஷாபா பகுதியிலிருந்து வந்தது. 1978-இல் அங்கே சண்டை மூண்டதும் விலை பல மடங்கு எகிறியது. கட்டுப்படியாகாமல் ஸ்பீக்கர் தொழிலே ஃபெரைட்டுக்கு இறங்கியது. ‘காசு மிச்சம் பிடிக்கத் தரத்தைக் குறைத்துவிட்டார்கள்’ என்ற புகார் அன்று தொடங்கியது, இன்னும் ஓயவில்லை.

புகாரில் பாதி நியாயம் உண்டு. வாய்ஸ் காயிலில் ஓடும் மின்னோட்டம் தானும் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி நிலையான புலத்தை ஆட்டிப்பார்க்கும். ஆல்னிகோ மின்சாரத்தைக் கடத்தும் உலோகம், அதனால் அந்த ஆட்டத்துக்குக் கொஞ்சம் முட்டுக்கட்டை போடும். ஃபெரைட் கடத்தாது. ஆல்னிகோவை எடுத்துவிட்டு ஃபெரைட்டை அப்படியே வைத்தால் இரண்டாம் ஹார்மோனிக் திரிபு (மூல ஒலியின் இருமடங்கு அலைவரிசையில் சேரும் தேவையற்ற ஒலி) ஏறும். இதைத் தெரிந்துகொண்டுதான் ஜேபிஎல் காயிலுக்குள் நிற்கும் இரும்பு நடுத்தண்டின் வடிவத்தை மாற்றியது, அடியில் கனமான அலுமினிய வளையம் ஒன்றைப் போட்டது. புலம் இருபக்கமும் சமமானது, ஆட்டத்தை வளையம் விழுங்கியது. 2235எச் இந்த வேலைப்பாட்டோடு வந்தது. அலுமினிய வளையம் இல்லாத மலிவான ஃபெரைட் வூஃபரைக் கேட்டுவிட்டு இதன்மேல் பழி போடுவது சரியல்ல.

சூட்டில் ஆல்னிகோ உறுதியானது. ஒரு டிகிரி ஏறினால் ஃபெரைட் சுமார் 0.2 சதவீதம் பலம் இழக்கும், ஆல்னிகோவுக்கு அதில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் ஆல்னிகோவின் பலவீனம் வேறிடத்தில். ஓங்கி அடிக்கும் மின்னோட்டம் ஒருமுறை பாய்ந்தாலும் காந்தம் கொஞ்சம் தளர்ந்துவிடும், தானாகத் திரும்பாது. ஃபெரைட்டை அப்படி எளிதில் அசைக்க முடியாது.

எனக்கு இதில்தான் சுவாரசியம். தளர்ந்த காந்தம் என்ன செய்யும்? நடு அலைவரிசையில் சத்தம் இறங்கும், கோனைப் பிடித்து நிறுத்தும் பிடி விட்டுப்போகும், அதனால் ஒத்ததிர்வை (கோன் இயல்பாகவே அதிரும் அலைவரிசை) ஒட்டிய பாஸ் ஒப்பளவில் தூக்கலாகத் தெரியும். கேட்பவர் காதுக்கு அது ‘இதமான, கொழுத்த பழைய பாஸ்’. ஆல்னிகோவின் மகிமை என்று சிலாகிக்கப்படுவதில் ஒரு பங்கு, காந்தம் களைத்துப்போனதன் அறிகுறி என்றே நினைக்கிறேன். என்னிடம் வந்த 2231ஏ ஒன்று இப்படித்தான் மயக்கியது. காந்தத்தை மறுபடி ஏற்றி வாங்கியதும் மயக்கம் தெளிந்தது, பாஸ் ஒல்லியாகி இறுகியது.

அப்புறம் கோனைச் சட்டத்தோடு இணைக்கும் ஃபோம் விளிம்பு. இரண்டிலும் அதேதான், இரண்டிலும் அது உதிரும். விரல் நுனியால் தொட்டால் கருப்புப் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். கோனின் இருபுறமும் விரல்களைப் பரப்பி மெல்ல அழுத்தினால், காயில் உரசும்போது மணல் தேய்கிற மாதிரி ஒரு சரசரப்பு காதில் விழும். ஒன்றில் புது விளிம்பு, மற்றதில் உதிர்ந்த விளிம்பு என்றால் அங்கே ஆல்னிகோவும் ஃபெரைட்டும் மோதவில்லை, புதுசும் பழசும்தான் மோதுகின்றன.

நேர்மையான ஒப்பீடு ஒன்றுக்கு வழி உண்டு. 2235எச்-சின் கோன் தொகுதி 2231ஏ-யின் சட்டத்திலும் பொருந்தும். பலர் அப்படி மாற்றிப்போட்டு அதை அரைவிளையாட்டாக ‘2235ஏ’ என்பார்கள். கோனும் காயிலும் ஒன்று, காந்தம் மட்டும் வேறு. சத்த அளவைச் சமப்படுத்தி ஒரே பெட்டியில் மாறிமாறிக் கேட்டேன். மிதமான சத்தத்தில் எது எது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கோனின் பின்னால் உள்ள எடை வளையத்தைச் சேர்ப்பதும் நீக்குவதும் இதைவிடப் பெரிய மாற்றம். அந்த வளையம் இல்லாத 2234எச் வேறு ஆள் மாதிரியே பேசும்.

எதை வாங்க என்று கேட்டால் 2235எச் என்பேன். தளர்ந்த காந்தத்தை ஏற்றித் தருபவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. நல்ல நிலையில் 2231ஏ கிடைத்தால் விட்டுவிடவும் வேண்டாம்.

எதை வாங்கினாலும் வயர் மாட்டும் முன் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். இரண்டிலும் சிவப்பு முனையில் நேர்மின் கொடுத்தால் கோன் உள்ளே போகும், வெளியே வராது. அக்கால ஜேபிஎல் வழக்கம் அது. வேறு கம்பெனி வூஃபரோடு சேர்த்து ஓட்டி, ஒன்று உள்ளேயும் மற்றது வெளியேயும் போய் பாஸ் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, ‘பாஸே இல்லையே’ என்று முழிப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.